பத்து மணி வெளிச்சத்தில்

3 ஜூலை, புதன்

தேதியைப் போனே போட்டுக்கொள்ளுமாம். நான் வாயைத் திறந்தால் போதும், சொல்வதை அது எழுதிக்கொள்ளும் என்று மருமகள் மேகலா சொன்னாள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பெருவிரல்தான் என் கையெழுத்து. இது நான் சொன்னதை எழுதுகிறதா, அதுபாட்டுக்கு எதையாவது கிறுக்குகிறதா என்று பார்க்க எனக்கு வழியில்லை. நம்பித்தான் ஆகவேண்டும்.

இந்த ஏற்பாடு எதற்கென்றால், நான் பேசினால் என் மகன் விசாகனுக்குத் தலை வலிக்கிறதாம். "சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றீங்கன்னு அவரு எரிஞ்சு விழறாருங்க மாமா. இதுகிட்டச் சொல்லுங்க. இதுக்குத் தலைவலியே வராது." மரியாதையாகத்தான் சொன்னாள். நாய்க்குத் தனித்தட்டு வைக்கிறவர்களும் மரியாதையாகத்தான் வைக்கிறார்கள்.

சரி, எழுதிக்கொள். பெயர் சென்னியப்பன். வயது எழுபத்தாறு. சாயப்பட்டறையில் நாற்பத்தொரு வருசம் கலர் மாஸ்டர். வெளிநாட்டுக்காரன் ஒரு விரல் நீளத் துணியை அனுப்பி "இந்தக் கலர் வேண்டும்" என்பான். அதைப் பார்த்து, சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை, நீலம் எத்தனை என்று சொல்கிறவன் நான். படித்தவன் எழுதி வைத்துக்கொள்வான். நான் தலையில் வைத்துக்கொள்வேன். இன்றைக்குக் கேட்டாலும் எந்த லாட் துணிக்கு எத்தனை என்று சொல்வேன்.

காலை பத்து மணி, வடக்கு ஜன்னல் ஓரம். அதுதான் கலர் பார்க்கிற வெளிச்சம். டியூப்லைட்டில் பாஸ் ஆனது வெயிலில் ரிஜெக்ட் ஆகும். நாற்பத்தொரு வருசத்தில் என் கையில் ஒரு லாட்கூட ரிஜெக்ட் ஆனதில்லை.

5 ஜூலை, வெள்ளி

கரண்ட் இல்லை. இட்டிலிக்குத் தேங்காய்ச் சட்னி இல்லை. சொல்ல வேறொன்றும் இல்லை.

9 ஜூலை, செவ்வாய்

விசாகன் என்னைக் கூப்பிட்டான். மாதக்கணக்கில் கூப்பிடாதவன்.

அவனுக்கும் அதே பட்டறையில்தான் வேலை. ஆபீசில் கம்ப்யூட்டர். முதலாளி கூட்டத்தில் பேசும்போது பின்னால் சுவரில் படம் படமாக வருமே, சிலைடு, அதைச் செய்கிறவன். முப்பத்தொன்பது வயதாகிறது.

"ஏனுங்கப்பா, இங்க வாங்க. இது ரெண்டும் ஒண்ணா இருக்குதா பாருங்க."

கம்ப்யூட்டரில் பட்டறையின் அடையாளம், மெரூன் கலர். கையில் அதே அடையாளம் அச்சடித்த அட்டை.

"ஒண்ணுதான்" என்றேன்.

"இதுல ஒண்ணுதான். ஆபீஸ் சுவத்துல போட்டாக் காப்பித்தூளாட்ட வருது. சின்ன மொதலாளி அத்தனை பேரு முன்னாடி கேக்கறாரு, 'கலர் மாஸ்டர் மவனாய்யா நீ?'ன்னு."

"சுவரு என்ன கலரு?"

"சுவரா? லேசாப் பச்சை."

"பச்சை மேல மெரூனை ஏத்துனாக் காப்பித்தூள்தான் வரும். கம்ப்யூட்டரை எதுக்குத் திட்டறே? சுவத்துல வெள்ளை வேட்டியக் கட்டு."

"ஒவ்வொரு கலருக்கும் நம்பர் இருக்குதுப்பா. நம்பர் ஒண்ணா இருந்தாக் கலரும் ஒண்ணு."

"நம்பரு எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்சவன். அந்த நம்பரையே கொண்டுபோய் உன்ற மொதலாளிகிட்டக் காட்டு."

போகும்போது என் பெட்டியிலிருந்து சலவை வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

10 ஜூலை, புதன்

மெரூன் மெரூனாகவே வந்ததாம். சின்ன முதலாளி தோளில் தட்டினாராம். விசாகன் தோளில். வேட்டி என்னுடையது. இன்னும் திரும்பி வரவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

இன்று காலை பத்து மணிக்கு விசாகனே வடக்கு ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தான். மேகலா காப்பி கொடுத்தாள், சர்க்கரை போட்டு. எனக்குச் சர்க்கரை ஆகாதென்று டாக்டர் சொன்ன நாள் முதல் இந்த வீட்டில் சர்க்கரைக் காப்பி கண்ணில் பட்டதில்லை.

ஒரு சிலைடைத் திறந்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தம்ளர், இரண்டிலும் தண்ணீர். கீழே இரண்டு வரி எழுத்து.

"ரெண்டும் ஒண்ணா இருக்கோணும். பாருங்க."

"வலப்பக்கம் சிவப்பு அடிக்குது."

"எங்கீங்கப்பா? எனக்குத் தெரியலயே."

"அடில பாரு, விளிம்புல. செவப்பு நிக்குது."

எதையோ தட்டிக் குறைத்தான். மறுபடி கேட்டான். இன்னும் இருக்கிறது என்றேன். மறுபடி குறைத்தான். ஒரு தடவை அளவுக்கு மீறிப் போய் நீலம் ஏறிவிட்டது. "சலவை நீலம் போட்ட மாதிரி இருக்குது, பின்னால வா" என்றேன். ஏழு தடவை. ஏழாவது தடவை இரண்டு தம்ளரும் ஒரே குழாயில் பிடித்த மாதிரி நின்றன.

"பாஸ்" என்றேன்.

அந்தச் சொல்லைச் சொல்லிப் பத்து வருசமாகிறது. வாய் இனித்தது. சர்க்கரையாகவும் இருக்கலாம்.

யார் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. துணி யாருடையது என்று கலர் மாஸ்டர் கேட்பதில்லை. அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. சிவப்பு ஆயிரம் இருக்கிறது.

15 ஜூலை, திங்கள்

மேகலா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் நாலு காய் எடுத்து நாரை உரித்தேன்.

"அம்மிணி, அந்தத் தம்ளர் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்குது?"

அவள் கையை நிறுத்தினாள். கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறாள், முகம் சொன்னது.

"இடது பக்கம், நகராட்சிக் குடிநீருன்னு போட்டிருக்குதுங்க."

"வலது?"

"பழனாத்தா தோட்டத்துக் கிணத்துத் தண்ணி, இந்த மாசம் எடுத்ததுன்னு."

பழனாத்தா என் தம்பி மாரப்பனின் சம்சாரம். தம்பி போய்ப் பதினொரு வருசம். பட்டறைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளத்தை ஒட்டித்தான் அவர்கள் தோட்டம். பட்டறைக்காரர்கள் அந்தத் தோட்டத்துக்கு அடுத்தாற்போல் இரண்டாவது பட்டறை கட்டப் போகிறார்கள். அதற்கு ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறார்கள், இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி, கல்யாண மண்டபத்தில். பழனாத்தா மனுக் கொடுத்திருக்கிறாள்: என் கிணறு சாயம் ஏறிக் கிடக்கிறது, அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு அப்புறம் கட்டுங்கள் என்று. அவள் சொல்வது பொய் என்று காட்டத்தான் இந்த இரண்டு தம்ளர். அந்தப் படத்தை ஊர் நம்பினால் அவள் பேச்சு அத்தோடு முடிந்தது.

கிணறு கெட்டு இருபத்திரண்டு வருசம். ஐப்பசி மாதம், நல்ல மழை. பட்டறையில் ஒரு தொட்டிச் சாயத்தை யாரோ பள்ளத்தில் திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கிணறு சிவந்தது. தம்பி மஞ்சள் பயிர் போட்டிருந்தான், அத்தனையும் கருகிப் போயிற்று. அப்புறம் மாரப்பன் மாட்டை விற்றுவிட்டு அதே பட்டறைக்கு ஈரத்துணி சுமக்க வந்தான். நான் மாஸ்டர், அவன் சுமை ஆள். சாகிறவரை என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டான்.

யாரோ திறந்துவிட்டார்கள்.

16 ஜூலை, செவ்வாய்

விசாகனிடம் கேட்டேன்.

"உன்ற சின்னம்மா கிணறுன்னு ஏன் சொல்லலே?"

"நீங்க கேக்கல."

"அந்தப் படத்தை எடுத்துப்போடு."

"எடுத்துப்போட்டு? புதுப் பட்டறை ஆபீசுக்கு என்னைப் பொறுப்பாப் போடறேன்னு சொல்லியிருக்காரு. பதினாலு வருசம் படம் போட்டே கெழவனாயிட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஏனுங்கப்பா, நாப்பது வருசம் அந்தத் தண்ணியக் கலக்கித்தானே எங்களுக்குச் சோறு போட்டீங்க? நீங்க கலக்குனது தொழிலு. நான் ஒரு சிலைடு போட்டாப் பாவமா?"

சோற்றைத் தின்று எழுந்தேன். அவரைக்காய்ப் பொரியலில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

17 ஜூலை, புதன்

ஆடி முதல் தேதி, ஆடி நோம்பி. தம்பி போன பிறகு வருசம் தவறாமல் இன்றைக்குப் பழனாத்தாவுக்குப் புது வெள்ளைச் சேலை எடுத்துக்கொண்டு போவேன். எங்கள் பக்கம் அவள் வயதுப் பொம்பளைகள் புருசன் போனால் வெள்ளைதான் உடுத்துகிறார்கள். வெள்ளைதானே என்று கடைக்காரன் கொடுப்பதை நான் வாங்குவதில்லை. வெள்ளையிலும் மஞ்சள் அடிக்கும், சாம்பல் அடிக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்துத்தான் எடுப்பேன்.

"வாங்க மாமா" என்றாள். காப்பி வைத்தாள். "கேன் தண்ணிதானுங்க. பயப்படாமக் குடிங்க."

"ஆடு கன்னுக்கு?"

"ஆடுக கெணத்துத் தண்ணிய மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுக. நான் துணி தொவைக்கறதுக்கு மட்டும் எறைக்கறனுங்க."

சேலையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். "பொட்டில வெக்கறேன்" என்றாள். உடுத்தியிருந்தது பழசு. எதிர் வெயில், நான் சரியாகப் பார்க்கவில்லை.

"இருவத்தஞ்சாந் தேதி கூட்டத்துக்கு வருவீங்களா மாமா?"

"பாக்கலாம்."

"உங்க கண்ணு இப்ப எப்புடிங்க?"

"கண்ணுக்கென்ன? இன்னைக்கும் ஊசில நூலு கோப்பேன்."

"அப்புடீங்களா" என்றாள்.

வழியில் செருப்பு அறுந்தது. கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

18 ஜூலை, வியாழன்

வெந்நீர் வைத்துக் குளித்தேன். செருப்புத் தைக்கக் கொடுத்தேன்.

22 ஜூலை, திங்கள்

சின்ன முதலாளி வீட்டுக்கே வந்தார். கூடையில் ஆப்பிள். எனக்கு ஆப்பிளைக் கடிக்கப் பல் இல்லை.

"மாஸ்டர், நீங்க கூட்டத்துல வந்து முன்வரிசைல உக்காந்தாப் போதும். அதிகாரி கேட்டா, ரெண்டும் ஒரே தண்ணிதான், நான் பார்த்தேன்னு ஒரு வார்த்தை. ஊர்ல உங்க கண்ணுக்கு எதிர்ப்பேச்சு உண்டுங்களா? நாப்பத்தொரு வருசம், ஒரு ரிஜெக்ட் இல்லை!"

விசாகன் பின்னால் நின்றான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நின்றான். "சரிங்க" என்றேன்.

24 ஜூலை, புதன்

இந்தப் போனில் முதன்முதலாகப் பேசிய அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியுமா என்று மேகலாவைக் கேட்டேன்.

"எந்த வரிங்க மாமா?"

"ஒண்ணுமில்லை, போ" என்றேன்.

25 ஜூலை, வியாழன்

வரிசையாகச் சொல்கிறேன். இன்றைக்கு ஒன்றையும் விடப்போவதில்லை.

பத்து மணிக்குக் கூட்டம். மண்டபத்து ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு, சுவரில் என் வேட்டியைக் கட்டியிருந்தான் விசாகன். பட்டறை ஆட்கள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். மேடையில் அதிகாரி, ஒரு அம்மா, நடு வயது. சின்ன முதலாளி பேசப் பேசச் சிலைடு மாறிற்று. மெரூன் மெரூனாகவே இருந்தது. மரங்கள் பச்சையாக இருந்தன, பட்டறையைச் சுற்றி இல்லாத மரங்கள். கடைசியில் இரண்டு தம்ளர்.

பழனாத்தா எழுந்தாள். கையில் பாட்டில்.

"அது என்ற கெணத்துத் தண்ணி இல்லீங்க. இதுதானுங்க."

அதிகாரி பாட்டிலை வாங்கி மண்டப விளக்கில் தூக்கிப் பார்த்தார். "கொஞ்சம் கலங்கலா இருக்குதும்மா. செம்மண் பூமிதானே இது?"

"அதேதானுங்க மேடம். மண்ணு" என்றார் சின்ன முதலாளி. "எங்க மாஸ்டரே இருக்காருங்க. அவங்க சொந்தக்காரரும்கூட. மாஸ்டர், நீங்க சொல்லுங்க."

எழுந்தேன். விசாகன் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தான். பழனாத்தா பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"இந்த வெளிச்சத்துல கலர் பாக்க முடியாதுங்க. வெளியே வாங்க."

சிரித்தார்கள். ஒருவன், "பெரியவரு தப்பிக்கப் பாக்கறாரு" என்றான். அதிகாரி எழுந்தார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள். மண்டபத்துக்கு வடக்கு வாசல் உண்டு, சமையல்காரர்கள் போகிற வாசல். அங்கே போய் நின்றேன்.

"பழனாத்தா, இங்க வா."

வந்தாள். தோளில் இருந்த என் புதுத் துண்டை எடுத்தேன். "உன்ற முந்தானையை நீட்டு" என்றேன். நீட்டினாள். அதன்மேல் துண்டைப் போட்டேன்.

என் துண்டு வெள்ளை. அவள் சேலை வெள்ளையே இல்லை. உள்ளங்கை மாதிரி இருந்தது. பிறந்த குழந்தையின் உள்ளங்கை. ஒரு நாளில் ஏறுகிற கலரா அது? வருசக்கணக்கில் துவைத்துத் துவைத்து ஏறியது.

"மண்ணுக் கலரு சோப்புப் போட்டாப் போயிருமுங்க அம்மா" என்றேன். "இது நூலைக் கடிச்சு உக்காந்திருக்குது. சாயம் மட்டுந்தான் இப்புடிக் கடிக்கும். ரிஜெக்ட்."

சின்ன முதலாளிக்குக் குரல் மாறிற்று. "சாயம்னே இருக்கட்டும். ஊருல ஒரு பட்டறையா இருக்குது? எங்க சாயம்னு எப்புடிச் சொல்றீங்க?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். பாதி உண்மை சொன்னவன் என்ற பெயரோடு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

"நான் கலக்குன செவப்பு அது" என்றேன். "செவப்பு மூணு, மஞ்சள் ஒண்ணே கால், நீலம் ஒரு துளி. இருவத்திரண்டு வருசம் முன்னால, ஐப்பசி. மழை இருட்டு. அவசரத்துல டியூப்லைட்டுல மேட்ச் பண்ணுனேன். மறுநாள் வெயில்ல பார்த்தா வேற கலரு. என்ற கையில வந்த ஒரே ரிஜெக்ட். பெரிய மொதலாளி சாயங்காலம் வர்றாரு. துணியப் பின்னால சாய்ப்புக் கொட்டகைல மறைச்சேன், அப்புறம் கறுப்பு ஏத்திட்டேன். தொட்டில இருந்த சாயத்தை என்ன பண்றது? மத்தியானம் எல்லாரும் சோத்துக்குப் போன நேரம், பள்ளத்துப் பக்கம் இருக்கற வால்வை நான்தான் திறந்தேன். அன்னைக்கு ஒண்ணும் ஆகலை, யாரும் கேக்கலைங்கறதப் பாத்துட்டு, அப்புறம் பட்டறையே அந்த வால்வை அடிக்கடி திறந்துச்சு. வழி காட்டுனவன் நான்."

அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் எழுதச் சொன்னார். தண்ணீரை மறுபடி எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவரை கூட்டம் தள்ளிவைப்பு. அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் விசாகன் வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தான். மடிப்பு நேராக வரவில்லை.

வாசலில் எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். பழனாத்தா என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"எனக்குத் தெரியுமுங்க மாமா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க தொறந்தது. அவுரு வரப்புல நின்னு பாத்தாரு. மத்தியானத்துல, பட்டப்பகல்ல. 'அண்ணனைக் கேக்காதே, அதுவாச் சொல்லட்டும்'னு சத்தியம் வாங்கிட்டாரு. அவுரு போனப்பறம் நான் வேற எப்புடிக் கேக்கறது?" முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் இந்தப் பழசத் தேடி எடுத்துக் கட்டுவனுங்க. ஊருக்கே கலர் பாக்கறவரு, இதப் பாப்பாரு, ஏன் இப்புடி ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேப்பாருன்னு. பதினோரு நோம்பி, மாமா."

அதிகாரி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகினாள். போய்விட்டாள்.

எதிர் வெயில் என்று போன வாரம் சொன்னேன். அன்றைக்கு வானம் மூடி இருந்தது.

26 ஜூலை, வெள்ளி

விசாகனை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். என்னிடம் அவன் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினான்.

"பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தா அந்தப் படத்தை நான் போட்டிருக்கவே மாட்டேன். அன்னைக்கு 'எடுத்துப்போடு'ன்னீங்க. ஏன்னு சொல்லலை."

சரியாகத்தான் சொல்கிறான்.

29 ஜூலை, திங்கள்

சர்க்கரை இல்லாத காப்பி. அதையும் மேகலா மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

2 ஆகஸ்ட், வெள்ளி

பழனாத்தா ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறாள். மேகலாதான் பேருந்து நிறுத்தத்தில் வாங்கி வந்தாள். "என்னனு கேட்டனுங்க மாமா, 'அவருக்குத் தெரியும்'னாங்க."

சேலைகள். பதினொன்று. நான் எடுத்துக் கொடுத்தவை. ஒன்றைக்கூட அவள் உடுத்தவில்லை, கடைக்காரன் போட்ட மடிப்புக் கலையவில்லை. அடியில் இருந்ததற்குக் கடைத்தாள்கூட அப்படியே இருந்தது.

மணி பத்து. வடக்கு ஜன்னல் ஓரம் நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பதினோரு வருசம், நாலைந்து கடை. ஒன்றிலும் மஞ்சள் இல்லை, ஒன்றிலும் சாம்பல் இல்லை. பதினொன்றும் ஒரே வெள்ளை.

பாஸ்.